செயற்கைக்காலுக்குள் உடையும் தழும்பு: வயிற்றுக் கொழுப்பு உதவுமா?

கேள்வி:

மல்லாவிப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். மீள்குடியேறி வந்த பிறகு காணி துப்புரவாக்கும்போது மிதிவெடியில் என் கணவரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக்கால் போட்டுத்தான் வயல் செய்கிறார். நுனியில் உள்ள தழும்பு எலும்போடு ஒட்டிப்போய், ஒவ்வொரு காலபோகத்துக்கும் உடைந்து புண்ணாகிறது. காய்கிறது, பிறகு உடைகிறது. வயிற்றுக் கொழுப்பை எடுத்து அந்த இடத்தில் ஊசியால் ஏற்றினால் புதுச் சதை வளரும் என்று கனடாவில் இருக்கும் மச்சாள் சொல்கிறா. கொழும்பில் ஓர் இடத்தில் 'ஸ்டெம் செல்' என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார்கள். மச்சாள் காசு அனுப்பத் தயார். இவர் மெலிந்த ஆள், பீடி குடிப்பார், தொடையில் இன்னும் வெடியின் பீஸ் (உலோகச் சிதறல்) இருக்கிறது. செய்யலாமா? எனக்கும் செட்டிகுளம் முகாமில் குப்பி விளக்கு சரிந்து எரிந்த தழும்பு கழுத்தில் இருக்கிறது. அது பரவாயில்லை. இவருக்கு வழி சொல்லுங்கள்.

பதில்:

தங்கச்சி, இப்போதைக்குக் காசு அனுப்ப வேண்டாம் என்று மச்சாளிடம் சொல்லிவிடுங்கள். மச்சாள் கேள்விப்பட்டது பொய் இல்லை. உடம்பில் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் வழக்கமான வேலை. எலும்போடு ஒட்டிப்போன தழும்பை இளக்குவதற்கு அது நல்ல வழிகளில் ஒன்று. ஆனால் உங்கள் கடிதத்தில் "காய்கிறது, பிறகு உடைகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை யோசிக்க வைத்தது. வருடக்கணக்காக ஒரே இடம் உடைந்துகொண்டிருந்தால், அது ஏன் உடைகிறது என்று பார்க்காமல் அதன் கீழே எதையும் ஏற்றக்கூடாது.

இன்றிரவு அவர் காலைக் கழற்றியதும் நல்ல வெளிச்சத்தில் இருத்திப் பாருங்கள். புண் எந்த இடத்தில்? முன்பக்கம், கணைக்கால் எலும்பின் விளிம்பு முடிகிற இடத்திலா, அடி நுனியிலா, பக்கத்திலா? அந்த இடத்துத் தோலை இரண்டு விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். நல்ல தோல் எலும்பின் மேல் வழுக்கி நகரும். ஒட்டிய தழும்பு அசையாது. நடக்கும்போது எலும்பு ஒரு பக்கம் இழுக்க, சொக்கெட் (செயற்கைக்காலில் எஞ்சிய கால் உள்ளே போய் இருக்கும் கிண்ணம்) மறுபக்கம் உரச, நடுவில் அகப்பட்ட அந்த மெல்லிய தோல் கிழிந்துபோகும். அவருக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் சொக்ஸ் நனைந்து தோல் ஊறிப்போவதால் இன்னும் சுலபமாகக் கிழியும். காலபோகத்தில் உடைவதற்கு அதுவே போதும்.

அப்புறம், எத்தனை சொக்ஸ் போடுகிறார் என்று கேளுங்கள். வருடங்கள் போகப் போக எஞ்சிய காலின் தசை மெலிந்துவிடும், சொக்கெட் பழைய அளவிலேயே இருக்கும். தளர்ந்ததை நிரப்ப இரண்டு, மூன்று என்று சொக்ஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அப்படியும் ஒவ்வோர் அடிக்கும் கால் உள்ளே மேலும் கீழும் போய் வந்தால், அவருக்கு முதலில் வேண்டியது புதுச் சொக்கெட். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலோ, உங்களுக்குக் கால் செய்து கொடுத்த இடத்திலோ மறுபடி அச்செடுக்கச் சொல்லுங்கள். கத்தி, ஊசி எதுவும் இல்லாமல் அதோடேயே ஆறிப்போன புண்கள் நிறைய உண்டு.

சொக்கெட் சரியாக இருந்தும் உடைந்தால் எக்ஸ்ரே வேண்டும். வெடியில் போன கால்களில், எலும்பு இருக்கக் கூடாத இடத்தில் கூரான எலும்பு வளர்வது சாதாரணமாகக் காணக்கூடியது. அந்த முனை உள்ளிருந்து குத்திக்கொண்டிருக்கும்போது அதன் மேல் எவ்வளவு கொழுப்பு வைத்தாலும் பிரயோசனம் இல்லை, முனையைத்தான் சீவ வேண்டும். ஓரிடத்தில் தட்டினால் கரண்ட் அடித்ததுபோல் போன பாதம்வரை ஓடுகிறது என்றால், அது நரம்பின் வெட்டு முனையில் திரண்ட முடிச்சு. அதற்கு வைத்தியம் வேறு. சின்னத் துவாரம் ஒன்றில் இருந்து நீரோ சீழோ விட்டுவிட்டு வந்தால், எலும்புக்குள் கிருமி தங்கியிருக்கலாம், அல்லது உள்ளே பீஸ் ஒன்று கிடந்து அழற்சி தரலாம். கிருமி இருக்கிற இடத்தில் கொழுப்பை ஏற்றினால் அது முழுக்கச் சீழாகும். சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் ஒருமுறை இரத்தம் பார்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும், பயப்படாமல் வாசியுங்கள். பழைய தழும்பில் பல வருடம் ஆறாமல் உடைந்துகொண்டிருக்கும் புண்ணில் சிலவேளை தோல் புற்றுநோய் வரும். இதற்கு மார்ஜொலின் புண் என்று பெயர். 1828 இல் அப்படிப்பட்ட புண்களை விவரித்த பிரெஞ்சு வைத்தியரின் பெயர் அது. அடிக்கடி வருவதில்லை. ஆனால் புண்ணின் ஓரம் தடித்து மேலெழுந்தால், தொட்டதும் இரத்தம் வந்தால், நாற்றம் அடித்தால், மூன்று மாதமாக ஒருமுறைகூட முழுதாகக் காயவில்லை என்றால், அறுவடை முடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். அந்தக் கிழமையே காட்டுங்கள். சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். உங்கள் கணவருடையது காய்ந்து காய்ந்து உடைகிறது என்பது ஓரளவு நல்ல அறிகுறி. என்றாலும் கண்ணால் பார்க்காமல் நான் உறுதி தரமாட்டேன்.

சரி, இவை எல்லாம் பார்த்து, ஒட்டிய தழும்பும் மெலிந்த தோலும்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது என்று வைப்போம். அப்போது கொழுப்பைப் பற்றிக் கதைக்கலாம்.

இது புதிய வித்தை இல்லை. 1893 இல் ஜேர்மனியில் நொய்பர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், முகத்தில் குழிவிழுந்த ஒரு தழும்பை நிரப்பக் கையில் இருந்து கொழுப்பு எடுத்து வைத்தார். சின்னத் துண்டுகள் நிலைத்தன, பெரியவை நிலைக்கவில்லை என்று அப்போதே எழுதினார். அதன் காரணம் விளங்கி, ஒழுங்கான செய்முறை வர நூறு வருடம் பிடித்தது. 1990களில் அமெரிக்காவின் கோல்மன், கொழுப்பை மென்மையாக எடுத்து, சுத்தமாக்கி, மெல்லிய இழைகளாகப் பரப்பி வைக்கிற முறையை நிலைநாட்டினார். இன்று எல்லோரும் செய்வது ஏறக்குறைய அதுதான்.

செய்யும் விதம் இது. தொப்புளுக்குக் கீழே அல்லது இடுப்புப் பக்கத்தில் மிகச் சிறிய துளை போட்டு, சேலைனோடு விறைப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து உள்ளே விடுவோம். அதனால் நோவும் குறையும், இரத்தப்போக்கும் குறையும். பிறகு முனை மழுங்கிய மெல்லிய குழாயை சிரிஞ்சில் மாட்டிக் கொழுப்பை இழுப்போம். வருவது மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு குழம்பு. அதைச் சுழற்றியோ, கழுவியோ, அப்படியே வைத்தோ படிய விட்டால் மூன்று படையாகப் பிரியும்: மேலே உடைந்த கலங்களின் எண்ணெய், அடியில் இரத்தமும் நீரும், நடுவில் எங்களுக்கு வேண்டிய கொழுப்பு. ஏற்றுவதற்கு முன் தழும்பின் அடியில் கூரான ஊசியைச் செலுத்தி, எலும்போடு பிடித்திருக்கும் நார்களை ஒவ்வொன்றாக அறுத்து விடுவோம். உங்கள் கணவரின் விஷயத்தில் எனக்கு இந்தப் படிதான் ஏற்றுவதைவிட முக்கியம். நார்கள் விடுபட்ட பிறகு, குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டே துளித் துளியாக, பல திசையில், பல ஆழத்தில் கொழுப்பை விடுவோம். அது இடையில் நின்றுகொண்டால் தோலும் எலும்பும் மறுபடி ஒட்டுவது குறையும்.

ஏன் துளித் துளியாக? வயல் செய்கிறவரின் மனைவிக்கு இது சட்டென்று விளங்கும். நாற்றைக் கட்டோடு ஓரிடத்தில் ஊன்றினால் வெளிப்பக்கத்து நாற்று மட்டும் பிடிக்கும், நடுவில் உள்ளது அழுகிப்போகும். இடம்விட்டு நட்டால்தான் ஒவ்வொன்றுக்கும் தண்ணீரும் மண்ணும் கிடைக்கும். எடுத்த கொழுப்புக்குச் சொந்த இரத்தக்குழாய் இல்லை. முதல் நாட்களில் சுற்றியுள்ள இழையங்களில் இருந்து ஊறி வருகிற ஒட்சிசனே அதற்கு உயிர். அந்த ஊறல் போய்ச்சேருவது மில்லிமீற்றரிலும் குறைந்த தூரம். அதற்கு அப்பால் நடுவில் இருப்பது செத்துவிடும். அதிகம் செத்தால் எண்ணெய்க் கட்டியாகவோ கெட்டியான உருண்டையாகவோ நிற்கும். ஆகவே "ஒரே தரத்தில் நிரப்பித் தருகிறோம்" என்று யாரும் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

இனி மச்சாள் சொன்ன 'வளரும்' என்கிற விஷயம். கொழுப்புக் கலம் மென்மையானது, ஒட்சிசன் இல்லாவிட்டால் ஒரு நாளைக்குள் செத்துப்போகும். ஆனால் கொழுப்போடு சேர்ந்து வேறு கலங்களும் வருகின்றன. சின்ன இரத்தக்குழாய்களின் சுவரை ஒட்டி இருக்கும் அவை கடினமான உயிர்கள், பல நாள் தாக்குப்பிடிக்கும். 2001 இல் கலிபோர்னியாவில் பற்றீசியா சுக்கும் அவரோடு வேலை செய்தவர்களும், உறிஞ்சி எடுத்த கொழுப்பில் இப்படிப்பட்ட ஸ்டெம் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். இவை புதுக் கொழுப்புக் கலங்களாக மாறும். அதைவிட, புது இரத்தக்குழாய் முளைக்கத் தூண்டும் பொருட்களைச் சுரந்து, சுற்றியுள்ள இறுகிய நாரை இளகச் செய்யும். 2007 இல் இத்தாலியின் ரிகோட்டி, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுத்துக் கருகி, இரத்தோட்டம் இல்லாமல் ஆறாதிருந்த நெஞ்சுப் புண்களின் கீழே கொழுப்பை ஏற்றி, அவை ஆறியதை வெளியிட்டார். கொழுப்பு வெறும் நிரப்பி இல்லை, தோலைத் திருத்தவும் செய்யும் என்று எங்கள் துறை நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தழும்பு மெத்தென்று ஆவதும் நோ குறைவதும் நோயாளிகள் தாங்களே வந்து சொல்லும் மாற்றங்கள்.

ஆனால் புதுச் சதை, அதாவது தசை, வளராது. வருவது கொழுப்பும், கொஞ்சம் நல்ல தோலும். ஏற்றியதில் எவ்வளவு நிற்கும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பாதி நின்றால் நான் நல்ல பலன் என்பேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்து, தேவையென்றால் இரண்டாம் தரம், சிலருக்கு மூன்றாம் தரம் செய்வோம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு ஒன்று, கை கால் இழந்தவர்களின் எஞ்சிய உறுப்பில் இப்படி மெத்தை வைத்துப் பார்த்திருக்கிறது. ஆனால் முழு உடம்பின் பாரமும் தாங்குகிற இடத்தில் இது எத்தனை வருடம் நிற்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பெரிய ஆய்வுகள் இல்லை. முகத்தில் நிற்பதுபோல் கால் நுனியில் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சொக்கெட் ஒழுங்காகப் பொருந்தி, நார்களும் விடுபட்டு, இடையில் ஒரு மெல்லிய மெத்தையும் இருந்தால் புண் வருவது குறையும். நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். தினமும் வயலில் இறங்குகிறவருக்கு அது சின்ன விஷயமும் இல்லை.

கொழும்பில் கேட்ட தொகையைப் பற்றி வருவோம். வழமையான முறையில் கொழுப்பை எடுத்து, கழுவி, அப்படியே ஏற்றும்போதே அதில் அந்தக் கலங்கள் இருக்கின்றன. அதற்குத் தனிக் காசு கேட்க நியாயம் இல்லை. வேறு சில இடங்களில் நொதியம் போட்டுக் கொழுப்பைக் கரைத்து, கலங்களை மட்டும் பிரித்து, முழங்கால், முதுகு, கண் என்று எதற்கும் ஏற்றுகிறார்கள். புளோரிடாவில் 2015 இல் பார்வை மங்கிய மூன்று பெண்களின் கண்களுக்குள், அவர்களுடைய சொந்த வயிற்றுக் கொழுப்பில் இருந்து பிரித்தது என்று சொல்லி இப்படி ஏற்றினார்கள். மூவரும் பார்வையை மோசமாக இழந்தார்கள். அந்தச் சிகிச்சைக்கு அவர்களிடம் காசும் வாங்கியிருந்தார்கள். சொந்த உடம்பில் எடுத்தது என்பதற்காகவே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. இந்தக் கதையைக் கட்டாயம் மச்சாளுக்கும் சொல்லுங்கள். அவ பாசத்தில்தான் காசு அனுப்ப நினைக்கிறா. அந்தப் பாசத்தை விற்றுக் காசாக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

மெலிந்த ஆள் என்பது தடை இல்லை. இதற்குத் தேவை சில பத்து மில்லிலீற்றர்தான். இடுப்புப் பக்கத்திலோ தொடையின் உட்புறத்திலோ கிடைக்கும். தொடையில் இருக்கும் பீஸ்களைப் பற்றி, எக்ஸ்ரேயில் எங்கே என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தில் குழாயைக் கொண்டுபோக மாட்டோம். நோகாமல், சீழ் வைக்காமல், நரம்பையோ மூட்டையோ தொடாமல் இருக்கும் பீஸைத் தேடி எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு எப்போதாவது அனுப்பினால் "உடம்பில் இரும்பு இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லட்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் சில உலோகங்களை இழுத்து அசைக்கும்.

பீடி மட்டும் பேரம் பேச முடியாத விஷயம். நிக்கொட்டின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ஏற்றிய கொழுப்பு உயிர் பிடிப்பதே அந்தக் குழாய்களை நம்பித்தான். செய்வதற்கு ஒரு மாதம் முன்பும், செய்த பிறகு குறைந்தது ஒரு மாதமும் முழுதாக நிறுத்த வேண்டும். "குறைத்துவிட்டேன்" என்பது போதாது.

காலத்தையும் யோசித்து முடிவெடுங்கள். ஏற்றிய பிறகு நான்கு முதல் ஆறு கிழமை செயற்கைக்காலை மாட்ட முடியாது. முதலில் அந்த இடத்தில் அழுத்தமே கூடாது. ஊன்றுகோல்தான். வீக்கம் வற்றியதும் காலின் உருவம் மாறியிருக்கும், ஆகவே சொக்கெட்டுக்கு மறுபடி அச்செடுக்க வேண்டும். இதற்கு நல்ல நேரம் மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்த கையோடு. அந்த வருடம் சிறுபோகத்தை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டி வரும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் காசு இல்லை. மச்சாள் உதவத்தான் விரும்பினால், அந்த மாதங்களின் வீட்டுச் செலவுக்கும் நல்ல சொக்கெட்டுக்கும் உதவட்டும்.

இனி உங்களைப் பற்றி. "பரவாயில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். கண்ணாடி முன்னால் நின்று தலையைப் பின்னால் சாய்த்து முகட்டைப் பாருங்கள். கீழ் உதடு கீழே இழுபடுகிறதா? வாயை மூடிக்கொண்டு முகட்டைப் பார்க்க முடிகிறதா? கழுத்தில் கயிறுபோல் ஏதாவது எழும்பி நிற்கிறதா? அப்படியென்றால் அது அழகைப் பற்றிய விஷயம் இல்லை, தோல் கட்டையாகிவிட்டது என்று பொருள். அதற்குக் கொழுப்பு மட்டும் போதாது, ஏனென்றால் கொழுப்பு தோலை இளக்குமே தவிர நீளமாக்காது. அந்தப் பட்டியை வெட்டி விடுவித்து, பக்கத்துத் தோலைத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது வேறிடத்துத் தோல் ஒட்ட வேண்டும். எரிகாயத் தழும்பில் கொழுப்பின் பலன் நிச்சயமானதும் இல்லை. 2017 இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பிள்ளைகளின் எரிகாயத் தழும்பின் ஒரு பாதிக்குக் கொழுப்பும் மறுபாதிக்கு வெறும் சேலைனும் ஏற்றிப் பார்த்தார்கள். தோற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இழுக்கவில்லை, ஆனால் கடிக்கிறது, இறுகியிருக்கிறது, வெயிலில் எரிகிறது என்றால் கொழுப்பை ஏற்றிப் பார்க்கலாம், அதற்கு முன் சிலிக்கோன் தகடும் எண்ணெய் தடவி நீவுவதும் இருக்கின்றன.

கழுத்தைக் காட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எப்போதாவது உங்களுக்கு அவசரமாக மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், குழந்தைப்பேற்றுக்கோ குடல்வால் சத்திரசிகிச்சைக்கோ, இறுகிய கழுத்தைப் பின்னால் வளைக்க முடியாமல் மூச்சுக்குழாய் போடுவது மிகவும் சிரமமாகும். உயிர் ஆபத்தான சிரமம். மயக்க மருந்து வைத்தியருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் உங்கள் கிளினிக் கொப்பியில் இதை எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மல்லாவி ஆதார வைத்தியசாலைக்கோ கிளிநொச்சிக்கோ போங்கள். கணவருக்குக் காலின் எக்ஸ்ரே, சீனிப் பரிசோதனை, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம், இவை மூன்றையும் கேளுங்கள். உங்கள் பெயருக்கும் தனியாக ஒரு கடிதம் கேட்டு, இரண்டையும் ஒரே திகதிக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, முன்பு வைத்தியசாலையில் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த அட்டை, இப்போது போடும் செயற்கைக்கால், அதற்குள் போடும் சொக்ஸ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். காலை மாட்டி நடந்து காட்டிய பிறகு, அங்கேயே கழற்றி, எந்த இடம் சிவந்திருக்கிறது என்று வைத்தியர் பார்க்க வேண்டும். புண் உடைந்திருக்கிற நாளில் போனால் இன்னும் நல்லது. காயட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.